தென்னையில் கொட்டிய தேள்: வியர்வைச் சுரப்பிப் புற்றுநோயும் அது பரவும் வழிகளும்

 

இன்றைய சொற்பொழிவின் பொருள், மனிதத் தோலில் தோன்றும் புற்றுநோய்களுள் மிக அரிதான ஒரு குடும்பம். வியர்வையைச் சுரக்கும் சுரப்பிகளிலும், சுரந்த வியர்வையை மேலே கொண்டுவரும் நுண்குழாய்களிலும் முளைக்கும் இப்புற்றுநோய்கள், முளைத்த இடத்திலேயே இருக்கும்வரை ஓர் அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடக் கூடியவை. இடம்விட்டு இடம் பெயர்ந்துவிட்டாலோ, கைதேர்ந்த மருத்துவரையும் திணறச் செய்பவை. தோல் புற்றுநோய்களில் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவையும் எட்டாதவை என்று மருத்துவ நூல்கள் கணக்கிடும் இத்தகைய நோயைப் பற்றி, ஓர் அரங்கு நிறைய மக்கள் ஏன் செவிமடுக்க வேண்டும்?

விடை எளிது. இந்நோய் வயிற்றுக்குள்ளோ மண்டைக்குள்ளோ ஒளிந்திருப்பதில்லை. உள்ளங்காலில், விரல் நுனியில், உதட்டின் மேல், அக்குளில் என்று கண்ணுக்கு எட்டும் இடத்தில், கைக்குத் தட்டுப்படும் இடத்தில் இருக்கிறது. கண்ணெதிரே இருந்துகொண்டே கவனத்துக்கு வராமல் போவதுதான் இதன் கொடுமை. கண்ணெதிரே இருப்பதைக் கவனத்துக்குக் கொண்டுவருவதற்குப் பெரிய எந்திரம் தேவையில்லை. கொஞ்சம் அறிவும் கொஞ்சம் அக்கறையும் போதும்.

தோலைப் பற்றிப் பேசுவதற்குப் பாலாற்றங்கரையைவிடப் பொருத்தமான மண் உண்டா? வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என அமைந்த இவ்வூர்களில், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலம் தொடங்கி, குரோமியம் கரைத்த நீரில் டிரம்களைச் சுழலவிட்டுப் பதனிடும் இக்காலம் வரை, தலைமுறை தலைமுறையாகத் தோலே சோறு போட்டிருக்கிறது. 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தோடு சேர்ந்துவிட்ட போதிலும், இம்மண்ணுக்குத் தொழில் ஒன்றே, ஆறு ஒன்றே, வெயிலும் ஒன்றே.

முதலில் தோலின் அமைப்பைப் பார்க்க வேண்டும். அதற்குப் பாடப்புத்தகம் வேண்டியதில்லை. சுண்ணாம்புக் குழி போதும். சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து மயிரைக் கழிக்கும்போது, மயிரோடு சேர்ந்து மேல்தோல் எனப்படும் மெல்லிய புறப்படலமும் கழன்று போகிறது. கொழுப்பும் சதையும் ஒட்டிய அடிப்புறம் தனியே சீவி எடுக்கப்படுகிறது. நடுவில் எஞ்சி நிற்கும் உறுதியான நார்ப்பின்னலாகிய உள்தோலே பதனிடப்பட்டுச் செருப்பாகவும் பையாகவும் மாறுகிறது. பதனிட்ட ஆட்டுத்தோலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், முகப்புறத்தில் ஊசி முனையால் குத்தியதுபோன்ற துளைகள் கூட்டம் கூட்டமாகத் தெரியும். அவை மயிர்க்கால்கள் இருந்த இடங்கள்; ஆடு மாடுகளுக்கு வியர்வைச் சுரப்பி மயிர்க்காலை ஒட்டியே அமைந்திருப்பதால், வியர்வை வெளிவந்த வாயில்களும் அவையே.

மனிதத் தோலும் இதே மூன்று அடுக்குகளால் ஆனது. ஆனால் வியர்வைச் சுரப்பிகளின் அமைப்பில் மனிதன் தனித்து நிற்கிறான். மனித உடலில் 20 இலட்சம் முதல் 40 இலட்சம் வரை இருக்கும் எக்ரைன் சுரப்பிகள் மயிர்க்காலைச் சாராமல் உடலெங்கும் பரவி, நேரே தோலின் மேற்பரப்பில் திறக்கின்றன. உள்தோலின் அடியாழத்தில் நூல்கண்டுபோலச் சுருண்டு கிடக்கும் சுரப்பியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மேல்நோக்கி ஏறி, மேல்தோலைத் திருகாணிபோல் சுற்றிக்கொண்டு துளைத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளையாக முடிகிறது. இச்சுரப்பிகள் மிக நெருக்கமாக அமைந்த இடங்கள் உள்ளங்கையும் உள்ளங்காலும். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்காம்பைச் சுற்றிய பகுதி ஆகியவற்றில் மயிர்க்காலை ஒட்டி அமைந்திருக்கும் மற்றொரு வகைக்கு அப்போகிரைன் சுரப்பி என்று பெயர். தாய்ப்பால் சுரக்கும் மார்பகச் சுரப்பியும் இவ்வகைக்கு நெருங்கிய உறவு.

வேலூரை வெயிலூர் என்று சொல்வது இப்பகுதியில் வழக்கம். அக்கினி நட்சத்திர நாட்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, உடல் வருத்தி உழைக்கும் ஒருவருடைய உடலிலிருந்து மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் வியர்வை வெளியேறக்கூடும். அந்த வியர்வை ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. அது நின்றுவிட்டால் உயிர் நிலைக்காது. உழைப்பாளியை உயிரோடு வைத்திருக்கும் இந்த நுண்ணிய உறுப்பை எத்தனை பேர் ஒரு பொருட்டாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்?

எண்ணிப் பார்த்தவர்கள் இதே மண்ணில் இருந்தார்கள் என்பது பெருமைக்குரிய செய்தி. 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் தொடங்கிய சிறு மருத்துவ நிலையம் வளர்ந்து, கிறித்தவ மருத்துவக் கல்லூரி என்னும் ஆலமரமாயிற்று. 1946இல் அங்கு வந்து சேர்ந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டும், பின்னர் உருவான கரிகிரி தொழுநோய் ஆய்வு மையத்தின் மருத்துவர்களும், தொழுநோயாளியின் கையையும் காலையும் உலகம் அதுவரை பாராத கண்ணோடு பார்த்தார்கள். தொழுநோய், தோலுக்குச் செல்லும் நரம்புகளைத் தாக்கும்போது உணர்ச்சி போகிறது, உணர்ச்சியோடு வியர்வையும் போகிறது, வியர்க்காத உள்ளங்கால் வறண்டு வெடிக்கிறது, வெடிப்பு புண்ணாகிறது, வலிக்காத புண்ணை யாரும் பொருட்படுத்தாததால் அது எலும்புவரை இறங்குகிறது. விரல்கள் அழுகி விழுவது கிருமியின் நேரடி வேலை அன்று, உணர்ச்சியற்ற உறுப்பு அடிபட்டு அடிபட்டுத் தேய்வதன் விளைவே என்பதை அவர்கள் எடுத்துக்காட்டி, அத்தகைய பாதங்களுக்காக மைக்ரோசெல்லுலர் ரப்பர் என்னும் மெத்தென்ற அடிப்பாகம் கொண்ட செருப்புகளையும் உருவாக்கினார்கள். வலிக்காத புண்ணே ஆபத்தான புண் என்ற பாடத்தை வேலூர் உலகத்துக்குச் சொன்னது. அந்தப் பாடம் தொழுநோயோடு முடிந்துவிடவில்லை. இன்றைய பொருளுக்கும் அதுவே அடித்தளம்.

இனி நோய்க்கு வருவோம். முதலில் அதன் உறுப்பினர்களை அறிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் வியர்வைச் சுரப்பிப் புற்றுநோய் என்பது ஒரு நோயின் பெயர் அன்று, பல நோய்களின் குடும்பப் பெயர். எக்ரைன் குழாய் மேல்தோலைத் துளைக்கும் இடத்தில் தோன்றுவது போரோகார்சினோமா. துளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது. அதே இடத்தில் தோன்றும் தீங்கற்ற கட்டி போரோமா எனப்படும். உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ சிவந்து, ஈரமாகப் பளபளத்து, லேசாக உரசினாலும் இரத்தம் கசியும் சிறு குமிழாகத் தோன்றும் போரோமா, பல ஆண்டுகள் அப்படியே இருந்துவிட்டு, பின்னொரு நாளில் புற்றாக மாறுவதும் உண்டு. பிங்கஸ், மெஹ்ரெகன் என்னும் இரு தோல் மருத்துவ அறிஞர்கள் 1963இல் முதன்முதலாக இப்புற்றுநோயை விவரித்தார்கள்.

விரல்களில் தோன்றும் வகை ஒன்று உண்டு. விரல் பாப்பிலரி அடினோகார்சினோமா என்பது அதன் பெயர். பெரும்பாலும் நடுவயது ஆண்களின் விரல் நுனியில், நீர் நிறைந்த சாதாரணக் கட்டிபோல் மெல்ல வளரும் இதன் தோற்றத்தில் மனித பாப்பிலோமா வைரஸின் 42ஆம் வகைக்குப் பங்குண்டு என்பதை 2022இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. முகத்தில், குறிப்பாக மேலுதட்டைச் சுற்றி, தழும்புபோல் இறுகிப் படரும் வகைக்கு மைக்ரோசிஸ்டிக் அட்னெக்ஸல் கார்சினோமா என்று பெயர். கண்ணிமையில் கூழ்போன்ற பொருளைச் சுரந்துகொண்டு வளர்வது மியூசினஸ் கார்சினோமா. அக்குளில் தோன்றும் அப்போகிரைன் புற்றுநோய், நுண்ணோக்கியின் கீழ் மார்பகப் புற்றுநோயை அச்சாக ஒத்திருப்பதால், அதைக் கண்ட மருத்துவர் மார்பகத்தையும் சோதித்த பிறகே முடிவுக்கு வருவார்.

பெயர்கள் பல, ஆனால் அவையோர் மனத்தில் நிறுத்த வேண்டிய கேள்வி ஒன்றே. இவை எப்படிப் பரவுகின்றன?

முதல் வழி, அக்கம்பக்கம். சுரப்பியையும் குழாயையும் சுற்றி அடிச்சவ்வு என்னும் மெல்லிய வேலி இருக்கிறது. உயிரணு கட்டுப்பாட்டை இழந்து பெருகினாலும், அந்த வேலிக்குள் இருக்கும்வரை அது வீட்டுக்குள் நிகழும் கலகம்தான். வேலியைக் கரைத்துக்கொண்டு உள்தோலின் நார்களுக்கிடையே நுழையும் நாளில்தான் அது ஊடுருவும் புற்றுநோயாகிறது. கோரைப் புல்லை மேலே கிள்ளினால் அடியில் கிழங்கு இருந்து மீண்டும் முளைப்பதுபோல, மேலே தெரியும் கட்டியை மட்டும் சீவி எடுத்தால் அடியில் நின்ற அணுக்கள் அதே தழும்பில் மறுபடியும் தலைதூக்கும்.

இரண்டாம் வழி, நரம்பு. நரம்பைச் சுற்றியுள்ள உறைக்கும் நரம்புக்கும் இடையே உள்ள வெளியைப் பாதையாகக் கொண்டு ஊர்ந்து செல்வது, முகத்தில் தோன்றும் மைக்ரோசிஸ்டிக் வகையின் தனி இயல்பு. வெளியே ஒரு ரூபாய்க் காசளவு தடிப்பு தெரியும்போது, உள்ளே அதைப்போல் பல மடங்கு பரப்பை அது பிடித்திருக்கக் கூடும். தொலைவிலுள்ள உறுப்புகளுக்கு இது செல்வது மிக அரிது. ஆனால் இருந்த இடத்திலேயே ஆழமாகவும் அகலமாகவும் அரித்துக்கொண்டு போகும். உதட்டோரம் இறுகிய தடிப்பும் அதன்மேல் மரத்த உணர்வும் சேர்ந்து காணப்பட்டால், அது வலிக்கவில்லை என்று மகிழ்வதற்கு இடமில்லை; கரிகிரி கற்பித்த பாடத்தை அங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வழியே இச்சொற்பொழிவின் இதயம். அது நிணநீர் வழி. இரத்த நுண்குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களை நனைக்கும் நீரை வடிகால்போலச் சேர்த்து மீண்டும் இரத்தத்தில் விடும் குழாய்களுக்கு நிணநீர்க் குழாய்கள் என்று பெயர். அவ்வடிகாலின் வழியில் ஆங்காங்கே அவரை விதைபோல் அமைந்திருக்கும் சோதனைச் சாவடிகளே நிணநீர்க் கணுக்கள். வேலியைத் தாண்டிய புற்றணுக்கள் இந்த வடிகாலில் விழுந்தால், நீரோட்டத்தோடு மிதந்து சென்று முதல் கணுவில் தங்கி, அங்கேயே பெருகத் தொடங்குகின்றன.

இதை மருத்துவ நூல்கள் வகுத்துச் சொல்வதற்கு முன்பே தமிழ் மக்களின் பேச்சு கண்டறிந்திருக்கிறது. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பது பாட்டிமார் அறிந்த உண்மை. அந்த நெறிதான் மருத்துவர் சொல்லும் நிணநீர்க் கணு. தென்னை மரத்தில் தேள் கொட்டப் பனை மரத்தில் நெறி கட்டியதாம் என்ற பழமொழி, தொடர்பில்லாத இரண்டை முடிச்சுப் போடுவோரை நகைப்பதற்காகப் பிறந்தது. ஆனால் உடல் என்னும் மரம் ஒன்றே அல்லவா? கொட்டிய இடம் ஒன்றாகவும் நெறி கட்டிய இடம் வேறாகவும் இருப்பது அங்கே நகைப்புக்குரியதன்று, அதுவே நியதி. பாதத்தில் தோன்றிய புற்று தொடையிடுக்கில் நெறி கட்டும். கைவிரலில் தோன்றியது அக்குளில் நெறி கட்டும். உச்சந்தலையிலும் முகத்திலும் தோன்றியது காதோரத்திலும் கழுத்திலும் நெறி கட்டும். ஆகவே, நெறி கட்டியிருந்தால் தேள் கொட்டிய இடத்தைத் தேடுக. தேள் கொட்டியிருந்தால் நெறி கட்டும் இடத்தைத் தடவுக!

நெறி கட்டுவதெல்லாம் புற்றுநோயா? இல்லை, பெரும்பாலானவை புண்ணில் சீழ் பிடித்ததால் வருபவை. அத்தகைய நெறி தொட்டால் வலிக்கும், புண் ஆறியதும் சில வாரங்களில் வற்றிவிடும். வலியில்லாமல், கல்போல் இறுகி, வாரத்துக்கு வாரம் பெருத்து வரும் நெறியோ வேறு கதையைச் சொல்கிறது. வலிக்காததே ஆபத்து என்ற பாடம் இங்கும் திரும்பி வருகிறது.

நான்காம் வழி விசித்திரமானது. போரோகார்சினோமாவின் அணுக்கள் உள்தோலின் நிணநீர்க் குழாய்களில் பயணம் செய்து, கணுவரை போகாமல் பாதியிலேயே திரும்பி மேல்தோலுக்குள் ஏறிக் குடியமர்வதும் உண்டு. அப்போது முதல் கட்டியிலிருந்து சற்றுத் தள்ளி, அதே காலில், வரிசையாகச் சிறு சிறு முடிச்சுகள் தோன்றுகின்றன. பார்ப்பவருக்கு அவை புதிதாக வந்த மருக்கள் போலவே இருக்கும்; உண்மையில் அவை பழைய கட்டியின் பிள்ளைகள்.

ஐந்தாம் வழி, இரத்தம். இரத்தக் குழாய்க்குள் நுழைந்த அணுக்கள் நுரையீரல், எலும்பு, கல்லீரல், மூளை என்று எங்கும் சென்று தங்கக்கூடும். விரல் நுனியில் கடலையளவு இருந்த கட்டி, அது எடுக்கப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்தபின் நுரையீரலில் வெளிப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. எனவேதான் இந்நோய்க்கு ஆளானவர் அறுவைக்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் மருத்துவரின் கண்பார்வையில் இருக்க வேண்டியவராகிறார்.

எத்தனை பேருக்கு இவ்வாறு பரவுகிறது? போரோகார்சினோமாவுக்கு ஆளான 69 பேரை ஆராய்ந்து 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு அளவுகோலாக நிற்கிறது. அதன்படி, நூற்றுக்கு 17 பேருக்கு அதே இடத்தில் நோய் மீண்டும் தோன்றியது. 19 பேருக்கு நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியது. 11 பேருக்குத் தொலைவிலுள்ள உறுப்புகளை எட்டியது. கட்டிகள் மிகுதியாகக் காணப்பட்ட இடம் இடுப்புக்குக் கீழ்ப்பட்ட கால் பகுதி. கட்டியின் ஆழம் 7 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தாலும், அணுக்கள் விரைந்து பிளவுற்றுக்கொண்டிருந்தாலும், நிணநீர்க் குழாய்க்குள் அணுக்கள் நுழைந்திருந்தாலும் நோயின் போக்கு மோசமாக இருந்தது. 7 மில்லிமீட்டர் என்பது எவ்வளவு? சுண்டு விரல் நகத்தின் அகலத்தைவிடக் குறைவு. ஓர் உயிரின் போக்கை அந்தச் சிறு இடைவெளி மாற்றிவிடுகிறது என்றால், அக்கட்டியை முதல் மாதத்தில் பார்ப்பதற்கும் முப்பதாம் மாதத்தில் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேறு சொல் வேண்டுமா?

அவையோரே, இந்தத் தோல் தொழில் மண்டலத்துக்கும் இந்நோய்க்கும் என்ன தொடர்பு என்ற வினா இப்போது எழுவது இயல்பு. உண்மையை உண்மையாகவே சொல்ல வேண்டும். தோல் பதனிடுதலால் வியர்வைச் சுரப்பிப் புற்றுநோய் வருகிறது என்று எந்த ஆய்வும் நிறுவியதில்லை. அப்படிச் சொல்லி அச்சத்தை விதைப்பது அறிவியலுக்கும் தொழிலாளருக்கும் செய்யும் தீங்கு. நிறுவப்பட்டவை வேறு. ஆறிணைதிறன் குரோமியம், அதாவது பைக்ரோமேட் போன்ற உப்புகளில் இருக்கும் கடுமையான வடிவம், நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. தோலில் பட்டால் துளைபோன்ற புண்ணையும் உண்டாக்கும். பதனிடும் டிரம்களில் பயன்படும் மூவிணைதிறன் குரோமியம் அந்த அளவு கொடியதன்று. எனினும் குரோமியம் ஒவ்வாமைத் தோலழற்சியைத் தரும். முதுமை, நெடுநாள் வெயில், நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றுதல் ஆகியவை போரோகார்சினோமாவோடு சேர்த்துப் பேசப்படும் காரணிகள். இந்தியாவில் வெற்றிபெற்ற முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971இல் வேலூரில்தான் நடந்தது. மாற்று உறுப்பைக் காப்பதற்காக எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை வாழ்நாள் முழுதும் உட்கொள்வோர், தம் தோலில் புதிதாக எது முளைத்தாலும் மற்றவரைவிடக் கூடுதலாக விழிப்புக் கொள்ள வேண்டியவர்கள்.

அப்படியானால் இம்மண்டலத்துக்குத் தனிக் கவலை எங்கிருந்து வருகிறது? நோய் வருவதிலிருந்து அன்று. வந்த நோய் மறைந்துகொள்வதிலிருந்து வருகிறது. சுண்ணாம்பும் சல்பைடும் அரித்த கை, உப்புத் தோலைத் தூக்கித் தூக்கிக் காய்த்த உள்ளங்கை, ஈரத்தில் நின்று நின்று வெடித்த பாதம், காலணியின் மேற்பகுதியாகிய அப்பர் தைக்கும்போது ஊசி ஏறிய விரல், சொல்யூஷன் என்னும் பசையைத் தடவித் தடவி உரிந்த விரல் நுனி: இவை இங்கே அன்றாடக் காட்சிகள். பத்துப் புண்ணுக்கு நடுவே பதினோராவதாக ஒன்று முளைத்தால் யார் கண்டுகொள்வார்? வெள்ளைச் சுவரில் விழுந்த கறை உடனே தெரியும். கறை படிந்த சுவரில் புதுக்கறை தெரியுமா?

உள்ளங்காலில் வந்த கட்டிக்குக் கால் ஆணி என்று பெயர் வைத்து, பிளேடால் சீவி, மருந்துக் கடையில் வாங்கிய பிளாஸ்திரியை ஒட்டிக்கொள்கிறார்கள். விரலில் வந்ததற்கு மரு என்று பெயர் வைத்து நூல் கட்டுகிறார்கள், சுண்ணாம்பு வைக்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்கு வந்தால் அது சர்க்கரைப் புண் என்றே முடிவாகிவிடுகிறது. விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போகுமே என்று அஞ்சும் தாய், கட்டிமேல் துணியைச் சுற்றிக்கொண்டு ஷூ கம்பெனி வேனில் ஏறுகிறாள். இவர்களுள் யாரையும் குறை சொல்வதற்கில்லை. பெயர் தெரியாத எதிரியைத் தெரிந்த பெயர் சொல்லி அழைப்பது மனித இயல்பு.

ஆகவே அடையாளங்களைச் சொல்லிவிட வேண்டும். ஒரு மாதமாகியும் ஆறாத புண். நீண்ட காலம் அசையாமல் இருந்து, திடீரென வளரத் தொடங்கிய கட்டி. லேசாக உரசினாலும் இரத்தம் கசியும் சிவந்த குமிழ். ஒரு முறை வெட்டி எடுத்த பிறகும் அதே இடத்தில் திரும்பி வந்த கட்டி. கட்டியோடு கூட அக்குளிலோ தொடையிடுக்கிலோ கழுத்திலோ வலியில்லாமல் கட்டிய நெறி. இவற்றுள் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பத்தில் ஒன்பது வேளை அது வேறு எளிய நோயாக இருக்கலாம். அப்படி இருந்தால் மகிழ்ச்சியோடு வீடு திரும்பலாம்.

அடுத்து வருவது மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் உரிய பகுதி. சிறு கட்டிகள் நாள்தோறும் புறநோயாளிப் பிரிவில் அகற்றப்படுகின்றன. அகற்றிய சதைத்துண்டு எங்கே போகிறது? கழிவுக் கூடைக்குப் போனால், அது சொல்ல வந்த செய்தியும் அதனோடு போய்விடுகிறது. ஒரு சிறு கண்ணாடிப் புட்டி. அதில் பத்து விழுக்காடு ஃபார்மலின். அதற்குள் அந்தத் துண்டு. மேலே நோயாளியின் பெயரும் வயதும் எடுத்த இடமும் எழுதிய சீட்டு. செலவு மிகக் குறைவு. பயனோ அளவிட முடியாதது. ஆய்வகத்தில் அத்துண்டை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலினும் மெல்லிய சீவல்களாகச் சீவி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைக்கும்போது, புற்றணுக் கூட்டத்தின் நடுவே வியர்வைக் குழாயின் சிறு வட்டத் துவாரங்கள் தெரிகின்றன. கட்டுப்பாட்டை இழந்த பிறகும் தான் பிறந்த குலத்தை மறக்காமல் குழாய்போலவே அணிவகுக்க முயலும் அந்த வட்டங்களே நோயின் பெயரைச் சொல்லிவிடுகின்றன. ஐயம் நீங்காதபோது குறிப்பிட்ட புரதங்களை நிறமேற்றிக் காட்டும் திசுச் சோதனைகள் துணைக்கு வருகின்றன. வெட்டியதை வீசாமல் ஆய்வுக்கு அனுப்புக என்பதே இங்குச் சொல்லத்தக்க ஒரே வேண்டுகோள்.

பெயர் தெரிந்துவிட்டால் வழியும் தெரிந்துவிடும். கட்டியைச் சுற்றிலும் நலமான திசுவின் ஓர் ஓரத்தையும் சேர்த்து அகற்றுவதே முதன்மைச் சிகிச்சை. முகம்போன்ற இடங்களில், ஃபிரெடெரிக் மோஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் 1930களில் உருவாக்கிய முறைப்படி, அடுக்கடுக்காக எடுத்து ஒவ்வோர் அடுக்கின் விளிம்பையும் நுண்ணோக்கியில் பார்த்து, புற்றணு இல்லை என்று தெரியும்வரை தொடர்வதும் உண்டு. நெறி கட்டியிருந்தால் ஊசியால் உறிஞ்சி எடுத்துச் சோதிப்பார்கள். நெறி கட்டாத நிலையிலும், கட்டியின் அருகே ஒரு நிறப்பொருளையோ கதிரியக்கப் பொருளையோ செலுத்தி, அது முதலில் சென்று சேரும் கணுவை மட்டும் எடுத்து ஆராயும் முறை ஒன்று இருக்கிறது. அதைக் காவல் கணுச் சோதனை எனலாம். தேள் கொட்டியதும், நெறி கட்டும்வரை காத்திராமல் நெறி கட்டப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே சென்று பார்ப்பது அது. பரவிய நோய்க்குக் கதிர்வீச்சும் மருந்துகளும் கொடுக்கப்படுகின்றன. ஆனால் எல்லோருக்கும் பலன் தரும் மருந்து முறை இன்னும் வகுக்கப்படவில்லை. பரவுமுன் பிடிப்பதற்கு ஈடான மருந்து இல்லை என்பதே இதன் பொருள்.

அதற்கான வாயில்களும் தொலைவில் இல்லை. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இம்மண்டலத்துக்கு அருகிலேயே இருக்கின்றன; முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் சென்னையில் இருக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டையும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் தொழிலாளரின் கையில் இருக்கும் உரிமைகள். அவற்றைப் பயன்படுத்துவது யாரிடமும் கையேந்துவதாகாது.

வேலூரின் பெயர் இந்தியச் சட்ட நூல்களில் நிலையாகப் பொறிக்கப்பட்ட ஒரு நாள் உண்டு. 1996 ஆகஸ்ட் 28 அன்று, தோல் கழிவால் பாலாறு கெட்டதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேடு முற்றாக நிறுவப்படட்டும் என்று கைகட்டி நிற்காமல், அறிகுறி தெரியும்போதே தடுக்க முற்பட வேண்டும் என்பதே அக்கோட்பாட்டின் சாரம். ஆற்றுக்கு வேலூர் பெற்றுத் தந்த அந்த நீதியை, வேலூர் மண்டலத்து உழைப்பாளியின் உள்ளங்காலுக்கும் உள்ளங்கைக்கும் பெற்றுத் தர வேண்டாமா? இது புற்றுநோய்தான் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு பார்ப்போம் என்பது காலம் கடந்த நீதி; ஆறாத புண் என்று தெரிந்தவுடனே பார்ப்பதுதான் முன்னெச்சரிக்கை. ஆலை உரிமையாளர் கையுறையும் காலணியும் தருவதோடு, மருத்துவமனைக்குச் செல்லும் நாளுக்குக் கூலி பிடிக்காமல் இருந்தால், அந்த ஒரு நாள் பல உயிர்களைக் காக்கும்.

நிறைவாக ஒரு காட்சி. பதனிட்டு உலர்ந்த தோல்கள் தரம் பிரிக்கும் மேசைக்கு வருகின்றன. அனுபவமிக்கவர் ஒவ்வொரு தோலையும் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, முகப்புறத்தில் விரல்களை மெல்ல ஓட்டுகிறார். உண்ணி கடித்த புள்ளி, அம்மைத் தழும்பு, கத்தி பட்ட கீறல், முள் கிழித்த கோடு என எதுவும் அவர் விரலுக்குத் தப்புவதில்லை. குறை தெரிந்த இடத்தில் ஒரு நொடி நின்று, சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு, அடுத்த தோலுக்குச் செல்கிறார். எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் காலில் ஏறப்போகும் செருப்புக்காக இத்தனை கூர்மை, இத்தனை பொறுமை.

அந்த விரல்கள் வாரத்தில் ஒரு நாள், குளித்து முடித்த பின், தம் உள்ளங்காலிலும் விரலிடுக்கிலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் அதே பொறுமையோடு ஓடட்டும். பெற்ற தாயின் பாதத்தையும், குனிந்து பார்க்க இயலாத முதியவரின் பாதத்தையும் பிள்ளைகளின் விரல்கள் தடவிப் பார்க்கட்டும். விரல் நின்ற இடத்தில் மனமும் ஒரு நொடி நிற்கட்டும். தோலில் குறை காணும் கலையை உலகுக்குக் கற்றுக்கொடுக்கும் மண்ணில், ஒருவர்கூடத் தம் தோலில் இருந்ததைக் காணாமல் மடிந்தார் என்ற சொல் எழாதிருக்கட்டும்.